பல் கருவி அல்ல

'பல் கருவி அல்ல' என்று தமிழிலும் கன்னடத்திலும் தெலுங்கிலும் எழுதித் தொழிற்சாலைச் சுவரில் ஒட்டியவன் நான். பசை காய்ந்து பத்து நாள் ஆவதற்குள், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, என் கைக்கடிகாரச் செயினில் சிக்கியிருந்த ஒரு பின்னைப் பல்லால் கடித்து இழுத்து, மேல்வரிசை முன்பல்லைக் குறுக்கே உடைத்துக்கொண்டவனும் நான்தான். இரண்டு பேரும் ஒரே ஆள் என்பதை மூன்று வாரம் மறைத்து வைத்திருந்தேன். அந்த மூன்று வாரமும் நான் ஓசூரில் வசித்ததாகச் சொல்ல முடியாது. என் வாய்க்குள் வசித்தேன்.

உடைந்த சத்தம் சமையலறை வரை கேட்டிருக்கிறது. மனைவி எட்டிப் பார்த்தாள். என் வாயையும் கையிலிருந்த செயினையும் ஒருமுறை பார்த்துவிட்டு, "பிளையர் டிவிக்குக் கீழ டிராயர்லதான இருக்கு" என்றாள். மேற்கொண்டு அவள் ஏதாவது திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

வெறும் பல் என்றால் இவ்வளவு எழுதமாட்டேன். உடைந்த ஞாயிற்றுக்கிழமைக்கு இரண்டு நாள் முன்பு, அதே காரியத்தைச் செய்ததற்காக ஒரு பெண்ணுக்கு மெமோ கொடுத்திருந்தேன்.

நான் வேலை பார்த்தது கடிகாரங்களுக்குச் செயின் செய்து தருகிற ஒரு சின்னத் தொழிற்சாலையில். தெற்கேயிருந்து வேலை தேடி வந்து, குளிருக்கு ஸ்வெட்டர் வாங்கி, மூன்று மொழியிலும் பஸ் விசாரிக்கக் கற்றுக்கொண்டு, தர ஆய்வில் பதினெட்டு வருடத்தைத் தள்ளியிருந்தேன். முலாம் பூசி வரும் செயின்களில் ஒரு கண்ணிக்கும் அடுத்த கண்ணிக்கும் நிறம் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது என் வேலை. வெளிர் நிறத்திலிருந்து அடர் நிறம் வரை வரிசையாக வைத்த ஒரு மாதிரிப் பலகை, அதற்கு மேலே ஒரு வெள்ளை டியூப்லைட், அதற்குக் கீழே நான். என் கண்ணை ஏமாற்றிய செயின் கிடையாது என்று ஒரு பேச்சு தொழிற்சாலையில் உண்டு. அதைப் பரப்பியதும் நான்தான்.

அந்தப் பெண் தேன்கனிக்கோட்டைக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து பஸ்ஸில் வருகிறவர். முப்பது வயதிருக்கும். கண்ணிகளைக் கோக்கிற பின்னைக் கழற்றிச் செயினின் நீளத்தைச் சரிசெய்யும் வரிசையில் வேலை. என்றைக்காவது தாமதமாக வந்தால் "ஆனை ரோட்டுல நின்னுக்கிச்சு சார், பஸ்ஸு நவுரல" என்பார். முதல் தடவை நான் நம்பவில்லை. பிறகு ஒருநாள் அந்தப் பஸ்ஸில் நானே போக நேர்ந்தது. முக்கால் மணி நேரம் யானையின் பின்பக்கத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அதற்குப் பிறகு நம்பினேன். இரண்டு வருடமாக அவர் டிரெய்னி. அந்த மாதக் கடைசியில் மீட்டிங். அதில் பெர்மனென்ட் ஆக வேண்டும், இல்லாவிட்டால் வெளியே போக வேண்டும். நடுவில் வேறு வழி கிடையாது. முடிவு செய்பவர் பர்சனல் மேனேஜர். அவர் பார்ப்பது என் ரிப்போர்ட்டை. ரிப்போர்ட்டில் ஒரு மெமோ இருந்தாலே போதும், அடுத்த பக்கத்தைத் திருப்ப மாட்டார்.

அந்த வெள்ளிக்கிழமை வரிசையோடு நடந்து போனபோது, அவர் ஒரு செயினை வாயில் வைத்துப் பின்னை இழுத்துக்கொண்டிருந்தார்.

"ஏம்மா, சுவத்துல எழுதியிருக்கறது கண்ணுக்குத் தெரியலயா?" என்றேன்.

"தெரியுது சார். டூலுதான் தெரியல. மொனை ஒடஞ்சி மூணு நாளாவுது. ஸ்டோர்ல கேட்டா, உங்க கையெழுத்து வந்தாத்தான் குடுப்பம்ங்கறாங்க."

"அதுக்காகப் பல்லால கடிப்பியா?"

"டார்கெட்டு கையெழுத்துக்குக் காத்துக்கிட்டு நிக்குதா சார்?"

பக்கத்தில் இரண்டு பேர் சிரித்தார்கள். சிரிக்காமல் இருந்திருந்தால் ஒருவேளை நான் மெமோ எழுதியிருக்க மாட்டேன். டூல் கேட்டு அவர் எழுதிக் கொடுத்த சீட்டு என் மேஜைக் கண்ணாடிக்கு மேலே, என் டீ டம்ளருக்கு அடியில் இருந்தது. டம்ளரின் வட்டம் அதில் அழகாகப் பதிந்திருந்தது. மெமோவை எழுதி முடித்த பிறகுதான் டம்ளரைத் தூக்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை நடந்தது முன்பே சொன்னதுதான். திங்கட்கிழமை தொழிற்சாலையில் எல்லோரிடமும் பாத்ரூமில் வழுக்கி விழுந்ததாகச் சொன்னேன். பொய் சொல்ல வாய் வேண்டும். வாயைத் திறந்தால் பல் தெரியும். ஆகவே கைக்குட்டையால் மூடிக்கொண்டு சொன்னேன். அதனால் பாதிப் பேருக்கு நான் விழுந்தது ஒழுங்காகக் காதில் விழவில்லை. மீண்டும் மீண்டும் சொல்ல வேண்டி வந்தது. நாலாவது தடவை சொல்லும்போது பாத்ரூமில் சோப்பு ஒன்றும் வந்து சேர்ந்திருந்தது.

பல் டாக்டரின் கிளினிக் பஸ் ஸ்டாண்டுக்கு உள்ளே போகிற தெருவில், ஒரு துணிக்கடைக்கு மேலே. பெங்களூரில் படித்துவிட்டு வந்த இளம் டாக்டர். என்னிடம் தமிழிலும், உதவிக்கு நின்ற அம்மாவிடம் கன்னடத்திலும், போனில் தன் அம்மாவிடம் தெலுங்கிலும் பேசினார். மூன்றிலும் ஒரே வேகம். நாற்காலியைச் சாய்த்ததும் என் கால் தலைக்கு மேலே போய்விட்டதுபோல் இருந்தது. அதற்குப் பிறகு நான் பார்த்ததெல்லாம் ஒரு விளக்கும் கூரையில் ஒரு பல்லியும்தான். இரண்டுமே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தன.

வேர் சிகிச்சைக்கு மூன்று தடவை போனேன். நரம்பைக் குடைந்து எடுத்த பிறகு, மேலே என்ன கேப் போடுவது என்ற பேச்சு வந்தது.

"உள்ள மெட்டலு, மேல பீங்கான். இது கெட்டியா இருக்கும் சார். எல்லாரும் போடறதுதான். ஆனா வருஷம் போனா சில பேருக்கு ஈறுகிட்ட கருப்பா ஒரு கோடு தெரியும்."

அந்தக் கோடு என்னை நாற்காலியில் எழுந்து உட்காரவைத்துவிட்டது. என் வாயில் ஒரு கோடு, அதைப் பார்த்து ஒருவர் கேட்பார், அவருக்கு நான் பதில் சொல்வேன், அந்தப் பதிலில் சோப்பு வரும். இப்படியே ரிட்டயர் ஆகும் வரை போகும். மெட்டல் இல்லாமல் ஒன்றும் கிடையாதா என்று கேட்டேன்.

"இருக்கு. ஜிர்கோனியானு சொல்வாங்க. முழுக்க செராமிக். பெங்களூர் லேபுல இப்பத்தான் பண்றாங்க. உங்களுக்கு அவசியமா சார்?"

உண்மைக் காரணத்தைச் சொல்ல முடியாது. "எங்க ஃபேக்டரி கேட்ல மெட்டல் டிடெக்டர் இருக்கு டாக்டர். டெய்லி வெளிய வரும்போது தடவிப் பாப்பாங்க. வாய்ல மெட்டல் இருந்தா சத்தம் போடும்" என்றேன். சின்னச் சின்ன உதிரிகள் செய்கிற இடம் என்பதால் வாசலில் அப்படி ஒரு சோதனை இருந்தது உண்மைதான்.

"அந்த மிஷினு பல்லுக்கெல்லாம் கத்தாது சார்."

"எங்க மிஷின் கொஞ்சம் ஸ்ட்ரிக்ட்."

பதினெட்டு வருடத்தில் வாசல் காவலரின் அந்த டிடெக்டர் கம்பு என் சட்டைக் காலருக்கு மேலே ஒருமுறைகூட வந்ததில்லை.

டாக்டர் பொறுமையாக விளக்கினார். வெள்ளைத் தூளை அழுத்திக் கட்டியாக்குவார்களாம். அப்போது அது சாக்பீஸ் மாதிரி மெத்தென்று இருக்கும். அதில் என் பல்லைச் சற்றுப் பெரிதாக மிஷின் செதுக்கும். பிறகு உலையில் வைத்தால் சரியான அளவுக்குச் சுருங்கி, இரும்போடு மோதுகிற கெட்டியாகிவிடும். அதன்மேல் மெல்லிசாகப் பீங்கான் பூசி நிறம் கொண்டுவருவார்கள். எனக்கு உள்ளபடியே மரியாதை வந்தது. எவ்வளவு சுருங்கப் போகிறோம் என்று முன்பே தெரிந்துகொண்டு அதற்கேற்பப் பெரிதாகப் பிறக்கிற ஒரு பொருள். நான் சுருங்கியதெல்லாம் முன்னறிவிப்பு இல்லாமல்தான்.

"கலர் மொதல்லயே பாத்துரலாம் சார்" என்றார். "வாய் தொறந்தே இருந்தா பல்லு காஞ்சிரும். காஞ்சா வெளுப்பாத் தெரியும்."

விசிறி மாதிரி விரிகிற ஒரு சாதனத்தை எடுத்தார். அதில் வரிசையாகப் போலிப் பற்கள், வெளிர் நிறத்திலிருந்து அடர் நிறம் வரை. என் மாதிரிப் பலகையேதான், அளவுதான் சிறியது. எனக்கு அந்த நாற்காலியில் முதன்முறையாக வீட்டுக்கு வந்த மாதிரி இருந்தது. அதுதான் வினை.

என்னை ஜன்னல் பக்கம் திருப்பி, மஞ்சளும் சாம்பலும் கலந்த ஒன்றை எடுத்துப் பல்லருகே வைத்தார். "இது சரியா இருக்கு."

கண்ணாடியில் பார்த்தேன். அது பாக்கு போடுகிறவரின் பல். நான் பாக்கு போடுவதில்லை, காப்பி மட்டும்தான். பழைய இலக்கியங்களில் பல்லுக்கு முத்தையும் முல்லை அரும்பையும் உவமை சொல்லி வைத்திருக்கிறார்கள். காப்பிக் கறைக்கு உவமை சொல்ல ஒருவரும் முன்வரவில்லை. அந்த நிறம் என்னுடையது என்று ஒப்புக்கொள்ள நானும் முன்வரவில்லை. ஜன்னல் வெளிச்சத்தில் நிறம் பார்க்கக் கூடாது, மேகம் வந்தால் மாறும், வெள்ளை விளக்குக்குக் கீழேதான் பார்க்க வேண்டும் என்று வாதாடினேன். கன்னத்துக்குள் இரண்டு பக்கமும் பஞ்சு வைத்திருந்ததால் கையால் வாதாடினேன். டாக்டர் உதவிக்கு நின்ற அம்மாவிடம் "லைட் ஸ்வல்ப ஈ கடெ" என்றார். விளக்கு என் பக்கம் திரும்பியது.

அரைமணி நேரம் போயிருக்கும். வாயை ஒரு நிமிடமும் மூடவில்லை. விளக்கின் சூடு வேறு. ஒவ்வொரு மாதிரியாக வைத்துப் பார்க்கப் பார்க்க, கண்ணாடியில் என் பற்கள் வெளுத்துக்கொண்டே வந்தன. என் கண்தான் இப்போது சரியாகப் பார்க்கத் தொடங்கியிருக்கிறது என்று நினைத்தேன். கடைசியில் விசிறியின் ஓரத்தில் இருந்த வெளிர் மாதிரி அப்படியே ஒட்டிப்போனது. கோடு தெரியவில்லை, வித்தியாசம் தெரியவில்லை. விரலால் அதைத் தட்டிக் காட்டினேன்.

"நல்லா யோசிச்சுக்குங்க சார். பல்லு இப்ப காஞ்சிருக்கு."

பஞ்சை எடுக்கச் சொல்லி ஜாடை காட்டி, எடுத்ததும் சொன்னேன்: "பதினெட்டு வருஷமா எனக்கு இதான் டாக்டர் தொழில்."

அவர் அதையே எழுதிக்கொண்டார்.

பெங்களூரிலிருந்து பல் வரப் பத்து நாள். அதுவரை தற்காலிகமாக ஒரு பிளாஸ்டிக் பல். அதைக் கொண்டு கடிக்கக் கூடாது, அழுத்திச் சிரிக்கக் கூடாது. தும்மும்போது கையை வைத்துக்கொள்ள வேண்டும். வரிசையோடு நடந்துபோவதைக் குறைத்துக்கொண்டேன். ஆனால் மேஜையில் உட்கார்ந்தால் அந்த ரிப்போர்ட் எதிரே இருந்தது. 'குறிப்புகள்' என்று ஒரு கட்டம். அதில் நானே எழுதிய வரி: 'செயினைப் பல்லால் கடித்தார்.' அதை அடித்துவிடலாம். ஏன் அடித்தாய் என்று கேட்பார்கள். விட்டுவிடலாம். அந்தப் பெண் வெளியே போவார். காரணம் சொன்னால் பல் வெளியே வரும். காரணம் சொல்லாவிட்டால் ஆள் வெளியே போவார். சுவரில் என் எழுத்து மூன்று மொழியிலும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

ஒருநாள் டீ இடைவேளையில் அந்தப் பெண்ணே வந்து நின்றார்.

"பல்லு எப்பிடி இருக்குது சார்?"

"பரவால்லமா."

"பாத்ரூம்ல விழுந்தீங்கன்னாங்க."

"ஆமா."

என் முகத்தை நன்றாகப் பார்த்தார். "நல்ல வேளை சார். உதட்டுல ஒரு கீறலும் இல்ல" என்று சொல்லிவிட்டு டம்ளரைக் கழுவப் போனார். அன்று மதியம் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பிளாஸ்டிக் பல்லைச் சாக்காகச் சொல்லிக்கொண்டேன்.

மீட்டிங்குக்கு முந்தைய நாள் மாலை புதுப் பல்லைப் பொருத்தினார்கள். ஒட்டுகிற வேலை முடிய அதிக நேரம் ஆனது, வாய் திறந்தபடியே. கண்ணாடி காட்டினார்கள். அற்புதம். எது புதுசு என்று எனக்கே தெரியவில்லை. டாக்டர் மட்டும் "வீட்டுக்குப் போய் தண்ணி குடிச்சிட்டு ஒருக்கா பாருங்க" என்றார். ஏதோ மருத்துவ ஆலோசனை என்று நினைத்துத் தலையாட்டினேன்.

வீடு வரை போக வேண்டியிருக்கவில்லை. வழியில் ஒரு டீ குடித்தேன். பிறகு நெடுஞ்சாலையில் ஸ்கூட்டரோடு மாட்டிக்கொண்டேன். எல்லையில் செக்போஸ்ட்டில் ஏதோ தகராறு. லாரிகள் அசையவில்லை. எனக்கு முன்னால் வேப்பனப்பள்ளி மாங்காய் ஏற்றிய ஒரு லாரி, பின்னால் சிமென்ட் லாரி, இரண்டு பக்கமும் பஸ்கள். போக வழியில்லை, திரும்பவும் வழியில்லை. சும்மா இருந்த நேரத்தில் ஸ்கூட்டர் கண்ணாடியைத் திருப்பி வாயைப் பார்த்தேன்.

டீயில் நனைந்து, என் பற்கள் எல்லாம் தங்கள் சொந்த நிறத்துக்குத் திரும்பியிருந்தன. மஞ்சளும் சாம்பலும் கலந்த அதே நிறம். டாக்டர் முதலில் எடுத்துக் காட்டியது. நடுவில் ஒன்று மட்டும் வெள்ளை வெளேரென்று, இருட்டுத் தெருவில் ஒரு வீட்டில் மட்டும் கரண்ட் இருக்கிற மாதிரி நின்றது. யாருக்கும் தெரியக் கூடாது என்று நான் வாங்கிய பல், மாங்காய் லாரிக்காரர் வரைக்கும் தெரிந்தது. பக்கத்து பஸ் ஜன்னலிலிருந்து ஒரு குழந்தை என்னைப் பார்த்துச் சிரித்தது. நான் பதிலுக்குச் சிரிக்கவில்லை.

அங்கேயே டாக்டருக்குப் போன் செய்தேன். கழற்றி மாற்ற முடியுமா என்று கேட்டேன்.

"கழட்ட வராது சார். அறுத்து, ஒடச்சி, துண்டு துண்டாத்தான் எடுக்கணும். ரொம்ப ஸ்ட்ராங்கு."

"அவ்வளவு ஸ்ட்ராங்கா?"

"நீங்க கேட்டதுதான் சார்."

மறுநாள் மீட்டிங்கில் வாயைத் திறக்காமல் சமாளித்துவிடலாம் என்று முடிவு செய்திருந்தேன். ரிப்போர்ட்டில் மெமோவுக்குப் பக்கத்தில் 'பெரிய தவறில்லை' என்று பென்சிலால் எழுதி வைத்திருந்தேன். பென்சில் ஏனென்றால் வேண்டுமானால் அழிக்கலாம். அவ்வளவு தைரியசாலி நான்.

பர்சனல் மேனேஜர் அந்தப் பக்கத்துக்கு வந்ததும் நிறுத்தினார். என்னைவிட வயதில் இளையவர், எதையும் நேராகக் கேட்கிறவர்.

"பல்லால கடிச்சதுக்கு மெமோ குடுத்திருக்கீங்க. பக்கத்துலயே பெரிய தப்பில்லன்னும் எழுதியிருக்கீங்க. எது சார் கரெக்ட்? பல்லால பின்னை இழுத்தா நெஜமாவே ஏதாவது ஆகுமா, இல்ல இது சும்மா போர்டுக்காகப் போட்ட ரூலா?"

ஒன்றும் ஆகாது என்றால், நான் எழுதி ஒட்டியது வெட்டி வேலை. ஆகும் என்றால், அந்தப் பெண் செய்தது ஆபத்தான தவறு, அவர் வெளியே போகக் கதவு திறந்திருக்கிறது. எதையாவது சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். மேஜையில் இருந்த நாலு பேரும் என் வாயைப் பார்த்தார்கள். பார்க்கத்தானே செய்வார்கள். அந்த அறையில் அதுதான் பிரகாசமாக இருந்தது.

"ஒடையும்" என்றேன்.

"எப்படி சார் அவ்வளவு நிச்சயமா சொல்றீங்க?"

மேலுதட்டைத் தூக்கிக் காட்டினேன். "இப்படி."

"அப்ப பாத்ரூமு?" என்று ஒருவர் கேட்டார்.

"பாத்ரூம் நல்லாத்தான் இருக்கு."

ஒரு பொய் வெளியே போனதும், மறைத்து வைத்திருந்த அடுத்ததும் தானாகக் கிளம்பிவிட்டது. டூல் கேட்ட சீட்டு மூன்று நாள் என் டம்ளருக்கு அடியில் இருந்தது, கையெழுத்துப் போடாதது நான், டூல் இல்லாமல் டார்கெட் கேட்டதும் நான், அதற்காக மெமோ கொடுத்ததும் நான் என்று சொன்னேன். வட்டம் பதிந்த சீட்டை எடுத்து மேஜையில் வைத்தேன். ஏன் அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனேன் என்று இப்போதும் எனக்குத் தெரியாது. காட்டுவதற்கு என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். கிழித்துப் போடுவதற்காகவும் இருந்திருக்கலாம்.

மேனேஜர் சீட்டைப் பார்த்தார், மெமோவைப் பார்த்தார். "அட்ரஸ் மாறிப் போன மெமோ சார் இது" என்றார். அந்தப் பெண்ணின் பெயருக்கு நேரே பெர்மனென்ட் என்று எழுதினார். எனக்கு ஒரு கடிதம் வந்தது. அதில் இருந்த வாக்கியங்களை நான் எழுதியிருந்தால் இன்னும் கொஞ்சம் நயமாக எழுதியிருப்பேன்.

சாயங்காலம் வரிசைக்குப் போனேன். செய்தி எனக்கு முன்பே போயிருந்தது. அந்தப் பெண் புது டூலால் ஒரு பின்னைத் தள்ளிக்கொண்டிருந்தார். அப்போதுதான் ஸ்டோரிலிருந்து வாங்கி வந்த பளபளப்பு. நான் பக்கத்தில் நின்று, தொண்டையைச் செருமி, மூன்று வாரமாக வாய்க்குள் வைத்திருந்ததை ஒழுங்காகச் சொல்லத் தொடங்கினேன். தப்பு என்னுடையது, மன்னித்துக்கொள்ள வேண்டும், பல் பாத்ரூமில் உடையவில்லை, இது கேப் போட்ட பல்.

அவர் நிமிர்ந்து என் வாயைப் பார்த்தார். பக்கத்தில் இருந்த இருவரும் பார்த்தார்கள்.

"அது ஒண்ணுதான் சார் ஒங்க சொந்தப் பல்லுன்னு நெனச்சம்" என்றார். "மீதியெல்லாந்தான் எங்கயோ கட்டுன மாதிரி இருக்குது."